ஞாயிறு அஸருக்குப் பின் கணினி அறையில்



நமது அறக்கட்டளை மாடியில் உள்ள கணினி அறை பிள்ளைகளின் தட்டச்சுப் பயிற்சிக்காகத் தொடங்கப்பட்டது. ஆறு கணினிகள், ஒரு பிரிண்டர், அவ்வப்போது மட்டும் வேலை செய்யும் ஒரு ஸ்கேனர். பரீட்சை மாதங்களில் அறை பூட்டியே கிடக்கும். அப்படி ஒரு நாளில்தான் பெரியவர் ஒருவர், பேங்க் மெசேஜ் வருவதே இல்லை என்று போனைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தார். அடுத்த வாரம் அவர் இன்னொருவரை அழைத்து வந்தார். இப்போது ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் மஃரிப் பாங்கு வரை ஆண்களும், சனிக்கிழமை லுஹருக்குப் பின் பெண்களும் கூடுகிறார்கள். பாடத்திட்டம் கிடையாது. அவரவர் சிக்கலைச் சொல்வார்கள், தெரிந்தவர் பதில் சொல்வார். யாருக்கும் தெரியாவிட்டால் அடுத்த வாரம் கேட்டு வருவோம்.

வர முடியாதவர்களுக்கும் பயன்படட்டும் என்று, கடந்த சில அமர்வுகளில் பேசியவற்றில் முக்கியமானதை இங்கே எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். பெயர்களைச் சொல்லவில்லை.

அதிகம் பேர் கொண்டு வரும் குறை, போன் நிறைந்துவிட்டது என்பதுதான். இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே. வாட்ஸ்அப்பில் வரும் ஜும்ஆ முபாரக் படங்கள், கல்யாண வீடியோக்கள், பயான் துண்டுகள் எல்லாம் நாம் திறந்து பார்க்காவிட்டாலும் தானாகவே போனில் வந்து இறங்கிவிடுகின்றன. வாட்ஸ்அப் செட்டிங்கில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' என்ற இடத்தில் தானாக இறங்குவதை நிறுத்திவிடலாம். அதே இடத்தில் எந்தக் குழு எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்றும் தெரியும். ஒரு காக்காவின் போனில் பாதி இடத்தைப் பிடித்திருந்தது எங்கள் அறக்கட்டளையின் குழுதான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கூகுள் கணக்கும் இப்படித்தான் நிறைகிறது. இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஜிமெயில், போட்டோக்கள், டிரைவ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த அளவு. 2024 முதல் ஆண்ட்ராய்டு போன்களின் வாட்ஸ்அப் பேக்கப்பும் அந்தக் கணக்கிலேயே சேர்கிறது. அது நிறைந்துவிட்டால் பேக்கப் நின்றுவிடும், புது மெயிலும் வராது.

இந்தச் சாதாரணக் குறையோடு வந்த ஒரு சகோதரியின் விஷயம் மட்டும் வேறு மாதிரி. அவரது கணவர் மௌத்தாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. போன் அடிக்கடி நின்றுபோகிறது என்று கடைக்குக் கொண்டுபோனபோது, எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்தால் சரியாகிவிடும் என்றிருக்கிறார்கள். அவர் மறுத்து எடுத்து வந்துவிட்டார். காரணத்தைக் கடையில் சொல்லவில்லை. இங்கே நம் சகோதரிகளிடம் சொன்னார். சபுரில் இருந்தபோது கணவர் அனுப்பிய குரல் செய்திகள் அந்தப் போனில்தான் இருக்கின்றன. இப்போது பிள்ளைகளுக்கு வாப்பாவின் குரல் என்று இருப்பது அது மட்டும்தான்.

குரல் செய்திகள் போனில் 'வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்' என்ற கோப்புறையில் கிடக்கும். அனுப்பியவர் பெயர் அதில் இருக்காது. ஆண்டும் வார எண்ணும் போட்ட சிறு சிறு கோப்புறைகளாக இருக்கும். அந்தச் சகோதரிக்குத் தேதிகள் எல்லாம் நினைவிருந்தன. கேபிள் போட்டுக் கோப்புறை முழுவதையும் கணினியில் ஏற்றி, இரண்டு பென் டிரைவ்களில் பிரதி எடுத்தோம். ஒன்று அவர் வீட்டில், ஒன்று அவர் தம்பி வீட்டில். அதன்பின்தான் போனில் கை வைத்தோம். உங்களிடமும் இப்படி ஏதாவது இருக்குமானால் போன் பழுதாகும்வரை காத்திருக்காதீர்கள். ஒரே இடத்தில் மட்டும் இருக்கும் எதையும் பத்திரமாக இருப்பதாக எண்ண வேண்டாம்.

இனி முதலில் வந்த பெரியவரின் விஷயம். பல ஆண்டுகள் துபாயில் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். இங்கே வங்கிக் கணக்கு தொடங்கியபோது கொடுத்த இந்திய எண்ணை, சபுரில் இருந்த காலத்தில் ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டார். எண் செத்துப்போனது. அதை மறந்தும் போனார். அந்த எண்ணுக்கு இங்கிருந்தே போன் போட்டுப் பார்த்தோம். வேறு மாவட்டத்து அம்மா ஒருவர் எடுத்தார். "உங்க பேங்க் மெசேஜ் எல்லாம் எனக்குத்தான் வந்துக்கிட்டிருக்கு, யாருன்னு தெரியாம நானும் அழிச்சுக்கிட்டே இருக்கேன்" என்றார். நல்ல மனுஷி. வேறு யாரிடமாவது போயிருந்தால்?

துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழிந்தபின் கம்பெனி வேறொருவருக்குக் கொடுக்கலாம். அது தவறு அல்ல, முறையே அதுதான். ஆனால் நாம் அந்த எண்ணை வங்கியிலும் ஆதாரிலும் கேஸ் இணைப்பிலும் வாட்ஸ்அப்பிலும் சாவியாகக் கொடுத்து வைத்திருக்கிறோம். வீட்டைக் காலி செய்து போகும்போது சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டுப் போனதுபோல் ஆகிவிடுகிறது. வளைகுடா எண்ணில் வாட்ஸ்அப் வைத்திருந்து ஊர் திரும்புகிறவர்களுக்கும் இதே கதைதான். அந்த எண் இன்னொருவருக்குப் போய், அவர் வாட்ஸ்அப் போட்ட நாளில் நாம் வெளியே தள்ளப்படுகிறோம். பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே வாட்ஸ்அப்பில் 'சேஞ்ச் நம்பர்' வழியாக எண்ணை மாற்றிக்கொள்ளலாம். வங்கிக்கு நேரில் போய் எழுதிக் கொடுக்க வேண்டும். சபுரிலிருந்து விடுமுறையில் வருகிறவர்கள் விருந்து முடிந்து ஒரு நாளை இதற்கென ஒதுக்கினால் போதும்.

வாட்ஸ்அப்பில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' என்று ஆறு இலக்க எண் ஒன்றை நாமே வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. மெசேஜில் வரும் ஆறு இலக்க எண்ணை யாராவது நம்மிடம் ஏமாற்றி வாங்கினாலும், இந்த இரண்டாவது எண் தெரியாமல் உடனே நம் கணக்கில் நுழைய முடியாது. அறைக்கு வருகிற எல்லோருக்கும் முதல் வேலையாக இதைப் போட்டுவிடுகிறோம்.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை பெண்கள் அமர்வில் ஒரு மாமி சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். "பணம் நமக்கு வர்றதுக்கும் பின் நம்பர் போடணுமா?" வகுப்பை நடத்தும் சகோதரி, "இல்லை மாமி, பணம் நம்மை விட்டுப் போறதுக்கு மட்டும்தான் பின். வர்றதுக்கு ஒண்ணுமே செய்ய வேண்டியதில்லை. ஸ்கேன் பண்றதும் அப்படித்தான், கொடுக்கிறவர்தான் ஸ்கேன் பண்ணணும்" என்று விளக்கியிருக்கிறார். உடனே பின் வரிசையில் இருந்த ஓர் இளம் தாய் அழ ஆரம்பித்துவிட்டார்.

அவர் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றை விற்பதற்காகப் படம் போட்டிருக்கிறார். வாங்குவதாகப் பேசியவன் மரியாதையாகப் பேசி, விலையைக்கூடக் குறைத்துக் கேட்காமல், முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு கியூஆர் படத்தை அனுப்பியிருக்கிறான். ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் வந்துவிடும் என்றிருக்கிறான். முதலில் சிறு தொகை போனது. தவறுதலாகப் போய்விட்டது, திருப்பி அனுப்புகிறேன் என்று இன்னொரு கியூஆர் அனுப்பினான். மொத்தம் 18,000 ரூபாய். கணவர் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு அனுப்பியிருந்த பணம்.

இது நடந்து ஐந்து நாட்கள் ஆகியிருந்தன. அந்த ஐந்து நாளும் அவர் கணவரிடமும் மாமியாரிடமும் பெற்ற உம்மாவிடமும் சொல்லவில்லை. சரியாகச் சாப்பிடவில்லை என்றும் பிறகு தெரிந்தது. பி.எஸ்ஸி. படித்தவர். படித்த பிள்ளை இப்படி ஏமாந்ததா என்று சொல்லிவிடுவார்களே என்ற பயம்தான் அவரது வாயை அடைத்திருக்கிறது.

இந்த மாதிரி மோசடியில் பணம் போன நேரத்திலிருந்து ஒவ்வொரு மணியும் முக்கியம். திருடியவன் பணத்தை ஒரே கணக்கில் வைத்திருப்பதில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே போய், கடைசியில் ரொக்கமாக எடுத்துவிடுகிறான். 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொன்னால், பணம் போன வங்கிக்குத் தகவல் போய், எடுக்கப்படாமல் மிச்சம் இருப்பதை நிறுத்திவைக்க முயற்சி செய்வார்கள். அரசின் சைபர் குற்ற இணையதளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். பணம் போன நேரம், தொகை, யுபிஐ பரிமாற்றத்தின் 12 இலக்க எண், எந்த வங்கி என்பவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். உங்கள் வங்கிக்கும் தனியாகச் சொல்லிப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதியையும் தெரிந்துகொள்வது நல்லது. நம் பக்கமும் வங்கியின் பக்கமும் தவறு இல்லாமல் வேறெங்கோ நடந்த மோசடியில் பணம் போயிருந்தால், வங்கித் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் நாம் தெரிவித்துவிட்டால் நமக்கு நஷ்டம் இல்லை. நாமே ரகசிய எண்ணைக் கொடுத்துவிட்டிருந்தால், வங்கிக்குச் சொல்லும்வரை போனது நம் பொறுப்பு. சொன்னபின் போனது வங்கியின் பொறுப்பு. அதாவது எந்தப் பக்கம் பார்த்தாலும் தாமதம் நமக்கு எதிராகத்தான் போகிறது.

அந்தச் சகோதரியின் புகாரை அன்று மாலையே பதிவு செய்தோம். இதை எழுதும் நாள்வரை பணம் திரும்பவில்லை. கணவருக்கு அவரே போட்டிம் அழைப்பில் சொல்லிவிட்டார். பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தார். கணவர் என்ன சொன்னார் என்பது அவர்கள் விஷயம். ஆனால் மறுநாள் கடைத்தெருவில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

சென்ற ஆண்டு எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. போன மாத மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30க்கு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த அதிகாரியைத் தொடர்பு கொள்ளுங்கள் என்று. கட்டணம் கட்டிய ரசீது என் மேசையில் இருந்தது. இருந்தும் நான் அந்த எண்ணுக்கு அழைத்தேன். மறுமுனையில் பேசியவன் நல்ல தமிழில், "சார், ஒரு ஆப் மட்டும் போட்டுக்கோங்க, நானே சரி பண்ணித் தர்றேன்" என்றான். அந்த ஆப் நம் போன் திரையை அவனுக்கு அப்படியே காட்டுகிற ஆப். பதிவிறக்கப் பொத்தானில் விரல் வைத்துவிட்டேன். "வாப்பா, யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க?" என்று என் மகள் போனைப் பிடுங்காவிட்டால் கதை வேறு. மதரஸாவில் ஓதி, கல்லூரியில் படித்து, பல ஆண்டுகள் அறக்கட்டளைக் கணக்கு எழுதுகிற எனக்கே இந்த நிலை. இதை இதுவரை வெளியில் சொன்னதில்லை. அந்தப் பிள்ளை அழுததைக் கேட்டபின் மறைப்பது சரியில்லை என்று தோன்றியது.

அவர்கள் நம் அறிவைப் பார்த்து வலை வீசுவதில்லை. அவசரத்தையும் பயத்தையும் ஆசையையும் பார்த்து வீசுகிறார்கள். வீடியோ காலில் போலீஸ் உடையில் தோன்றி, உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்துவிட்டோம், அறையை விட்டு நகரக் கூடாது என்று மிரட்டுகிறார்களே, அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லவே இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைச் சொல்லி எச்சரித்தார். அதற்குப் பிறகும் ஏமாறுகிறார்கள் என்றால் பயத்தின் பிடி அப்படி.

சூரா ஹுஜுராத்தின் 6ஆம் வசனம், வரும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது. அதை நாம் ஃபார்வர்டு மெசேஜ்களுக்குப் பொருத்திப் பேசுகிறோம். அழைத்துப் பேசுகிறவனுக்கும் அது பொருந்தும். போனை வைத்துவிட்டு, வங்கிப் புத்தகத்தில் அச்சடித்த எண்ணுக்கு நாமே அழைத்துக் கேட்பதுதான் விசாரிப்பது. அவன் கொடுத்த எண்ணுக்கே திரும்ப அழைப்பது விசாரணை ஆகாது. ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவருக்கு நபி (ஸல்) அவர்கள் கொடுத்த பதில் நம் மக்தப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

உதவி செய்கிறவர்களின் பக்கத்திலும் ஒரு சிக்கல் வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நம் அறைக்கு வரும் கல்லூரி மாணவர் ஒருவர் பெரியவர்களுக்கு மிகவும் ஒத்தாசையாக இருந்தார். யாருக்குக் கேஸ் பதிய வேண்டும், யாருக்கு ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டும் என்று எல்லாம் அவரே. மறந்துவிடுகிறது என்று பெரியவர்களே தங்கள் பின் நம்பரை அவரிடம் சொல்லி வைத்தார்கள். அவர் ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்துக்கொண்டார். நிய்யத்தில் பிழை இல்லை. ஒரு நாள் ஒரு மூதாட்டியின் கணக்கில் சில நூறு ரூபாய் குறைந்தது. யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை, ஆனால் பார்வைகள் அந்தப் பையன் பக்கம் திரும்பின. அவருக்குப் புரிந்துவிட்டது. இரண்டு வாரம் வரவில்லை.

நான் வங்கிக்குப் போய் ஸ்டேட்மென்ட் வாங்கிப் பார்த்தேன். குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்காகவும் ஏடிஎம் கார்டுக்காகவும் வங்கியே பிடித்த தொகை அது. மூதாட்டியும் நானும் பையனின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவரது உம்மா டீ கொடுத்தார். அதிகம் பேசவில்லை.

அந்த நோட்டை எங்கள் முன்னால் அவரே கிழித்துப் போட்டார். அன்றிலிருந்து அறையில் ஒரு விதி. பின் நம்பரை உரியவர்தான் போட வேண்டும், எத்தனை நேரம் ஆனாலும் சரி. அப்போது உதவி செய்கிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். "நம்ம பிள்ளைதானே, இதெல்லாம் எதுக்கு?" என்று ஒரு காக்கா வருத்தப்பட்டார். நம் பிள்ளை என்பதால்தான். அமானிதத்தைக் காப்பது ஒன்று, சுமக்க வேண்டாத அமானிதத்தை ஒரு சிறுவன் தலையில் ஏற்றாமல் இருப்பது இன்னொன்று.

இதே அமானித விஷயத்தில் அறக்கட்டளையும் ஒரு முறை தடுக்கி விழப் பார்த்தது. எங்கள் பழைய பதிவேடுகளை இருபது ஆண்டுகளுக்கு முன் கணினியில் அடித்து வைத்திருந்தார்கள். புதுக் கணினியில் திறந்தால் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை, எல்லாம் ஆங்கிலக் கிறுக்கல். வைரஸ் என்று பயந்துவிட்டோம். வைரஸ் அல்ல. அந்தக் காலத்து பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழ் உருவத்தை வைத்திருந்தன. எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். இன்றைய யூனிகோடு முறையில் தமிழுக்கென்றே தனி இடம் இருப்பதால் எந்தப் போனிலும் தமிழாகவே தெரிகிறது.

ஒரு தம்பி ஆர்வத்தில் இணையத்தில் மாற்றித் தரும் பக்கம் ஒன்றைத் திறந்து, கோப்பை அப்படியே ஒட்டப் போனார். அது ஜகாத் பெறுகிற குடும்பங்களின் பட்டியல். பெயர், முகவரி, வீட்டு நிலவரம் எல்லாம் அதில் உண்டு. பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் இத்தனை ஆண்டு காத்த விஷயத்தை, யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத இடத்தில் கொட்டியிருப்போம். நல்லவேளை, கையைப் பிடித்து நிறுத்தினோம். இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, கணினியிலேயே நிறுவக்கூடிய என்.எச்.எம். கன்வெர்ட்டர் மென்பொருளைக் கொண்டு மாற்றினோம். ஒற்றுக் கொம்பு சில இடங்களில் பிசகியது, உட்கார்ந்து திருத்தினோம். உங்கள் வீட்டு ஆதார் நகலையும் நிக்காஹ் சான்றையும் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துவிட்டு, அந்தக் கணினியிலிருந்து அழிக்காமல் வருவதும் இதே வகைதான்.

அறையில் உள்ள ஆறு கணினிகளில் நான்கு விண்டோஸ் 10. அதற்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. எனவே அவற்றில் தட்டச்சுப் பயிற்சி மட்டும் நடக்கும். வங்கி வேலைகளுக்குச் சன்னல் ஓரம் உள்ள இரண்டையே பயன்படுத்துங்கள். மாற்றுக் கணினி தர விரும்புவோர் அலுவலகத்தில் தெரிவிக்கலாம்.

1930 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு வைத்திருக்கிறோம். வீட்டுக்கொன்று வாங்கிப் போய் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். அந்த எண்ணுக்குக் கீழே, பெண்கள் வகுப்பு நடத்தும் சகோதரி தம் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 'முதலில் இங்கே சொல்லுங்கள், அழுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.' அந்த வரி வேண்டுமா என்று நிர்வாகக் குழுவில் பேச்சு வந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

அடுத்த ஞாயிறு உம்ராவுக்குப் போகிறவர்களுக்கு நுசுக் செயலியில் ரவ்ளா ஷரீஃபுக்கு அனுமதி எடுப்பதைக் காட்ட இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். பாஸ்போர்ட்டும் சார்ஜ் ஏற்றிய போனும் கொண்டு வரவும். ஒரு முறை அனுமதி எடுத்துவிட்டால் அடுத்ததை எடுப்பதற்குக் கட்டுப்பாடு இருக்கலாம் என்பதால் சோதித்துப் பார்ப்பதற்காக யாரும் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டாம். மாடிப்படி ஏற முடியாதவர்கள் கீழே அலுவலகத்தில் உட்கார்ந்தால் போதும், பிள்ளைகள் இறங்கி வருவார்கள்.

வஸ்ஸலாம்.

செயலாளர்